ரீஃபர்பிஷ்ட் லென்ஸும் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தமும்

போன வாரம் ஒரு லென்ஸ் என் கையிலேயே உயிரை விட்டது.

கீழே போடவில்லை. மழையில் நனைக்கவில்லை. புதன்கிழமை சாயந்திரம், கிள்ளானில் என் பள்ளித் தோழி ஷாமினி வீட்டில் நலங்கு. அத்தைமார்கள் அவள் கன்னத்தில் மஞ்சள் பூசிக்கொண்டிருக்கிறார்கள். நான் பட்டனை அழுத்துகிறேன். லென்ஸுக்குள்ளே 'க்ர்ர்' என்று ஒரு முனகல்... அப்புறம் ஒன்றுமே இல்லை. ஃபோக்கஸ் பிடிக்கிற மோட்டார் படுத்துவிட்டது.

அன்றைக்குச் சமாளித்தேன். வளையத்தைக் கையால் திருப்பித் திருப்பி ஃபோக்கஸ் வைத்தேன். நலங்கில் அது நடக்கும். "ஆன்டி, அப்படியே கொஞ்சம் நில்லுங்க" என்றால் ஆன்டி நிற்பார். கேட்காமலே பல்லையும் காட்டுவார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில்? "மாப்பிள்ளை, தாலியை அப்படியே கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க" என்று சொல்ல முடியுமா?

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — வாரநாளில் ஆபீஸ், வாரக்கடைசியில் கேமரா, நடுவில் உங்களோடு அரட்டை. இதுதான் என் பிழைப்பு. இதுவரை போன கல்யாணங்களில் எல்லாம் நான் இரண்டாவது ஆள். முக்கியமான படங்களை மூத்தவர் யாராவது எடுப்பார். எனக்கு வாழைமரம், செருப்புக் குவியல், பந்தியில் பாயசத்துக்குக் கை நீட்டுகிற மாமா. ஷாமினி கல்யாணம்தான் முதன்முதலாக என்னை மட்டும் நம்பி நடக்கிற கல்யாணம்.

அதுவும் எப்படிப்பட்ட நம்பிக்கை தெரியுமா?

ஷாமினியின் அக்கா கல்யாணத்தில் பெரிய ஸ்டூடியோ ஆள்தான் வந்தார். தாலி கட்டுகிற படம் மொத்தமும் மங்கல். வெறும் புகை. "மறுபடி ஒரு தடவை கட்டற மாதிரி போஸ் குடுங்க" என்று அவர் கேட்க, அத்தைமார்கள் சண்டைக்குப் போய்விட்டார்கள். தாலியை ரெண்டாவது தடவை கட்டுவதாவது! கடைசியில் ஆல்பத்தில் அந்த இடத்தில் நாதஸ்வரக்காரர் படத்தைப் போட்டு நிரப்பினார்கள். உப்பிய கன்னத்தோடு, பக்கம் முழுக்க. அக்கா அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை.

"என் ஆல்பத்துல நாதஸ்வரக்காரர் கன்னம் வேணாம்டி. அதுக்குத்தான் உன்னைக் கூப்பிடறேன்," என்றாள் ஷாமினி.

இப்போது சொல்லுங்கள், எனக்குத் தூக்கம் வருமா?

கல்யாணம் கோயிலில். குருக்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார் — மணவறையில் ஃபிளாஷ் அடிக்கக்கூடாது, படம் எடுக்கிறவர்கள் தூணுக்கு அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுக்க வேண்டும், அரை இருட்டிலும் படம் தெளிவாக விழ வேண்டும். அதற்கென்று ஒரு கனமான ஜூம் லென்ஸ் இருக்கிறது. நலங்கில் செத்தது அதுதான்.

சர்வீஸ் சென்டரில் கேட்டேன். பார்ட்ஸ் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம். புதுசு வாங்குவதென்றால் நான் காரை விற்க வேண்டும். சரி, வாடகைக்கு எடுப்போம் என்று சுபாங் ஜெயாவில் இருக்கிற லோகனுக்கு ஃபோன் போட்டேன். அவனும் என்னை மாதிரி கல்யாணப் படம் எடுக்கிறவன்.

"லென்ஸா? இந்த ஞாயித்துக்கிழமைக்கா? ஹலோ, இப்பதான் தூங்கி எழுந்தியா நீ?"

"ஏன் லா?"

"முகூர்த்த நாள் லா! கிள்ளான்லேர்ந்து டெங்கில் வரைக்கும் கோயில், மண்டபம் எல்லாம் ஃபுல். மேளக்காரர் இல்ல, மாலை இல்ல, மேக்கப் அக்கா விடியறதுக்குள்ள மூணு பொண்ணுக்குப் பொட்டு வைக்கிறாங்க. உனக்கு மட்டும் லென்ஸ் காத்துக்கிட்டு இருக்குமா?"

அவன் சொன்னது சரி. வாடகைக் கடைகளுக்கெல்லாம் ஃபோன் அடித்தேன். ஒரு கடையில் சிரித்தே விட்டார்கள். நாம் எல்லாரும் ஒரே பஞ்சாங்கத்தைப் பார்க்கிறோம், ஒரே நாளைக் குறிக்கிறோம், ஒரே காலையில் தாலி கட்டுகிறோம். லென்ஸ் மட்டும் எங்கிருந்து அத்தனை வரும்?

லோகனே கடைசியில் ஒரு வழி சொன்னான். "பிரிக்பீல்ட்ஸ்ல முரளி அண்ணேன்னு ஒருத்தர். மாடியில கேமரா கடை. ரீஃபர்பிஷ்ட் லென்ஸ் வச்சிருக்காரு. போய்ப் பாரு. ஆனா ஏதாச்சும் ஆச்சுன்னா என் பேரை இழுக்காதே."

ரீஃபர்பிஷ்ட் என்றால் சும்மா செகண்ட் ஹேண்ட் இல்லை. யாரோ திருப்பிக் கொடுத்த பொருளைத் தயாரித்த கம்பெனியே வாங்கி, பிரித்து, சோதித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி டப்பாவில் போட்டு விற்பது. புதுசின் பாதி விலை. கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? எனக்கும் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் ஓடினேன். பூக்கடைக்குப் பக்கத்துப் படியில் ஏறினால் ஒரு சின்ன அறை. கண்ணாடி அலமாரிக்குள் லென்ஸ்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. முரளி அண்ணே மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு, நான் சொன்னதைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை கல்யாணமா? கவலைய விடு தங்கச்சி. நேரா ஜப்பான் ஃபாக்டரியிலேர்ந்து வந்தது. உன் நேரம், ஒண்ணே ஒண்ணு இருக்கு."

எடுத்துக் கொடுத்தார். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. பூஞ்சை இல்லை. நம்ம ஊர் ஈரத்துக்கு அதுவே அதிசயம். கேமராவில் மாட்டி ஜன்னல் வழியாக எதிர் மாடியைப் பார்த்தேன். கடை போர்டு, கம்பியில் உட்கார்ந்த காக்கா, கொடியில் காய்கிற சட்டை... பட்டனைத் தொட்டதும் ஒவ்வொன்றும் பளிச்சென்று நின்றது. சத்தமே இல்லை.

எனக்கு நெஞ்சு லேசானது. பர்ஸைத் திறந்து கார்டை எடுத்துவிட்டேன். வாங்கப்போகிற பொருளை ஒரு தடவை தடவிப் பார்க்கிற புத்தி நமக்கு உண்டல்லவா? ஃபோக்கஸ் வளையத்தைச் சும்மா ஒரு சுற்று சுற்றினேன்.

வளையத்தின் ரப்பர் விளிம்பில் ஏதோ சிவப்பாக.

நகத்தால் சுரண்டினேன். சிவப்புப் பொடி. அதற்கு அடியில் காய்ந்துபோன மஞ்சள் படலம். மூக்குக்கிட்டே கொண்டுபோனேன். சந்தேகமே இல்லை. சந்தனம். மேலே குங்குமம்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை அன்று அம்மா கையில் கிண்ணத்தோடு வீட்டைச் சுற்றிவருவார். காருக்குப் பொட்டு, ரைஸ் குக்கருக்குப் பொட்டு, லேப்டாப்புக்குப் பொட்டு, என் கேமராவுக்கும் பொட்டு. அந்தப் பொட்டு எந்த இடுக்கில் போய் ஒளியும், எவ்வளவு துடைத்தாலும் எப்படி எஞ்சும் என்பது எனக்குத் தெரியாதா?

"அண்ணே... இது ஜப்பான்லேர்ந்துதானே வந்துச்சு?"

"ஜப்பான் லா. டப்பாவைப் பாரு, ஸ்டிக்கரைப் பாரு."

"ஜப்பான்ல ஆயுத பூஜை கும்பிடுவாங்களா அண்ணே?"

அவர் தலையில் இருந்த கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. என் நகத்தைப் பார்த்தார். லென்ஸைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். மாடிக்குக் கீழே யாரோ பூவுக்குப் பேரம் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"சப்ளையர் இப்படித்தான் குடுத்தான்," என்றார், குரல் கொஞ்சம் இறங்கி. பிறகு சட்டென்று நிமிர்ந்து, "அப்படியே இருந்தாலும் என்ன? சாமிக்கு வச்ச பொட்டு. ராசியான லென்ஸ்னு நினைச்சுக்கோ!"

சிரிப்பு வந்தது. குங்குமம் என் பிரச்சினை இல்லை. அந்தக் குங்குமம் இன்னும் அங்கேயே இருப்பதுதான் பிரச்சினை. ஒருவர் இதைப் பிரித்துச் சுத்தம் செய்திருந்தால் முதலில் போயிருக்க வேண்டியது அதுதானே? அப்படியென்றால் இதை யாரும் பிரிக்கவில்லை. யாரும் சோதிக்கவில்லை. கிள்ளானிலோ காஜாங்கிலோ யாரோ ஒருத்தர் பொட்டு வைத்துக் கும்பிட்ட லென்ஸ், ஒரு நல்ல டப்பாவுக்குள் குடிபோயிருக்கிறது. அவ்வளவுதான்.

கோபத்தோடு படியிறங்கிப் போயிருக்கலாம். மற்ற வாரமாக இருந்தால் போயிருப்பேன். ஆனால் நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. டப்பா பொய் சொல்கிறது, சரி. லென்ஸும் பொய் சொல்கிறதா? ஜன்னலில் அத்தனை நன்றாக வேலை செய்ததே?

"அண்ணே, கோயில்ல வச்சு எடுத்துப் பார்க்கணும். ஃபிளாஷ் இல்லாம. பக்கத்துக் கோயில்ல இப்ப பூஜை நேரம்."

"கடையை விட்டு வெளிய குடுக்கிறது இல்ல தங்கச்சி."

"என் ஐ.சி.யை வச்சுக்குங்க," என்று அடையாள அட்டையை நீட்டினேன்.

"உன் ஐ.சி.யை வச்சு நான் யார் கல்யாணத்தைப் படம் எடுக்கிறது?" என்று முணுமுணுத்தார். ஆனால் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டார். "வா, நானும் வரேன். எனக்கும் தெரியணும்."

கோயிலில் தீபாராதனை. பண்டாரத்திடம் கேட்டுக்கொண்டு ஓரமாக நின்றேன். கற்பூரத் தட்டு மேலே ஏறுகிறது, சுழல்கிறது, புகைக்குள் மறைகிறது. நான் அழுத்திக்கொண்டே போனேன். படம் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தது. கூர்மை என்றால் அப்படி ஒரு கூர்மை!

"பார்த்தியா?" முரளி அண்ணே என் தோளுக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தார். "நான் சொன்னேன்ல?"

வாங்கிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். நிஜமாக.

அப்போதுதான் வெளி மண்டபத்தில் ஒரு ஆன்டி தரையில் குந்தி நெய்விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "எந்த டிவி தங்கச்சி?" என்றார். "டிவி இல்ல ஆன்டி, சும்மாதான்" என்றபடி நின்ற இடத்திலிருந்தே கேமராவைக் கீழே சாய்த்தேன்.

லென்ஸ் தடுமாறியது.

முன்னே போனது, பின்னே வந்தது, மறுபடி முன்னே போனது. விளக்கு மங்கலான மஞ்சள் உருண்டையாக ஊதிப் பெருத்தது. ஒரு வழியாகப் பிடித்தபோது ஆன்டி அடுத்த விளக்குக்குப் போய்விட்டார்.

நிமிர்த்திப் பார்த்தேன். சரியாக இருந்தது. மறுபடி கீழே சாய்த்தேன். மறுபடி தவிப்பு. உள்ளே இருக்கிற கனமான கண்ணாடிகளைச் சாய்ந்த நிலையில் தூக்கி நகர்த்த அந்த மோட்டாருக்குத் தெம்பு இல்லை. கடை ஜன்னலில் நேராகப் பார்த்தேன், ஆராதனையையும் நேராகவே பார்த்தேன்... அதில் எல்லாம் அது தெரியவே தெரியாது.

பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கே உட்காருவார்கள்? தரையோடு ஒட்டிய மணையில். நான் எங்கே நிற்பேன்? தூணுக்குப் பக்கத்தில், நின்றபடி. காலை முழுக்க என் லென்ஸ் எந்தப் பக்கம் பார்க்கும்?

முரளி அண்ணே கேமராவை வாங்கி அவரே பார்த்தார். ஒரு தடவை, இன்னொரு தடவை. "எப்பவும் இல்லையே லா... எப்பவாச்சும்தான் தடுமாறுது," என்றார்.

"அந்த எப்பவாச்சும் தாலி கட்டற நேரமா இருந்தா அண்ணே?"

அவர் லென்ஸைக் கழற்றி மூடியைப் போட்டார். பிறகு, "நீ வாங்காதே," என்றார். "வேற நாளா இருந்தா பேசிக் குடுத்திருப்பேன். கல்யாணத்துக்கு வேணாம். அந்த சப்ளையர் பயலை நான் கேட்டுக்கிறேன்."

வியாபாரி ஒருவர் தன் வாயால் வாங்காதே என்று சொல்லும்போது மனசு நிறைய வேண்டும் அல்லவா? எனக்கு நிறையவில்லை. கடைசிக் கதவும் சாத்தியாகிவிட்டது.

கோயில் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன். இரண்டு யோசனை. ஒன்று — யாருக்கும் சொல்லாமல், செத்த லென்ஸோடு போய் வளையத்தைக் கையால் திருப்பி, கடவுளே என்று அழுத்துவது. விழுந்தால் விழுந்தது. இன்னொன்று — ஷாமினியிடம் உண்மையைச் சொல்வது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கையில் மருதாணி காய்ந்துகொண்டிருக்கிற பெண்ணிடம்.

ஃபோனை எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன்.

"என்னடி?" என்றாள் ஷாமினி. "சீக்கிரம் சொல்லு, கையில மருதாணி, அக்கா ஃபோனைப் பிடிச்சுக்கிட்டு இருக்கா."

சொன்னேன். எல்லாவற்றையும். நலங்கில் லென்ஸ் போனது, வாடகை கிடைக்காதது, குங்குமம், விளக்கு.

அக்காவின் குரல்தான் முதலில் கேட்டது. "என்ன, மறுபடியுமா?"

அந்த ஒரு வார்த்தை போதும். நாதஸ்வரக்காரரின் கன்னம் கண்முன்னால் வந்து நின்றது.

"தர்ஷி," என்றாள் ஷாமினி. மற்ற நேரமெல்லாம் வெறும் 'டி'தான். கோபத்தில்தான் அவள் என் பெயரைச் சொல்வாள். "புதன்கிழமை போனதை வெள்ளிக்கிழமை சொல்றியா? அழுவேன் நான். ஆனா இப்ப அழுதா மருதாணி கலைஞ்சிடும். சரி, ஒண்ணு சொல்லு. அந்தப் பெரிய லென்ஸ் எதுக்கு?"

"தூரத்துலேர்ந்து எடுக்க."

"ஏன் தூரத்துல நிக்கிறே?"

"குருக்கள்தான் சொன்னாரு, படம் எடுக்கறவங்க தூணுக்கு அந்தப் பக்கம்னு..."

"பொண்ணோட ஃப்ரெண்டு எங்க உட்காருவா?"

"பொண்ணு பக்கத்துல..." என்று இழுத்தேன்.

"பக்கத்துலதானேடி உட்காருவா! சேலை கட்டிக்கிட்டு வா. என் பக்கத்துல உட்காரு. பக்கத்துலேர்ந்து எடுக்கற லென்ஸ் ஒண்ணுகூடவா இல்ல உன்கிட்ட?"

இருந்தது. காலேஜில் வாங்கிய குட்டி லென்ஸ். பிளாஸ்டிக். ஜூம் கிடையாது, இரவில்கூட நன்றாகப் படம் எடுக்கும். விலை மலிவு என்பதால் அதை நான் வேலைக்கே கொண்டுபோவதில்லை. அவள் அம்மா குருக்களிடம் பேசினார். ஒரே நிபந்தனை — உட்கார்ந்த இடத்தை விட்டு எழக்கூடாது.

கிள்ளானுக்குத் திரும்புகிற கொமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே யோசித்தேன். நீங்களும் இதைக் கேட்பீர்கள் என்று தெரியும் — ரீஃபர்பிஷ்ட் வாங்கலாமா, கூடாதா? வாங்கலாம். நானும் ஒருநாள் வாங்குவேன். ஆனால் இனிமேல் ஸ்டிக்கரை நம்பி வாங்க மாட்டேன். யார் பிரித்தார்கள், எதை மாற்றினார்கள் என்று கேட்பேன். பதில் வராவிட்டால் அது வெறும் பழசு, பழசு விலைதான் கொடுப்பேன். கடை ஜன்னலில் சோதிக்க மாட்டேன். நான் எந்த வெளிச்சத்தில், எந்தக் கோணத்தில் வேலை செய்வேனோ அங்கே கொண்டுபோய் வதைத்துப் பார்ப்பேன். முக்கியமாக, நாளை மறுநாள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு எதையும் வாங்கப் போக மாட்டேன். அவசரத்தில் இருக்கிற கண்ணுக்கு எல்லா லென்ஸும் பளபளப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை.

பட்டுச்சேலையோடு மணவறையில் உட்கார்ந்து படம் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? முழங்கால் மரத்துப்போகும். ஹோமப் புகை நேராக என் கண்ணுக்குத்தான் வந்தது. கண்ணீர் வழிய, நானே கல்யாணப் பெண்ணோ என்று மாப்பிள்ளை வீட்டார் சந்தேகப்பட்டிருக்கலாம். பின்னால் ஒரு அங்கிள் தன் ஃபோனை என் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் குனிம்மா" என்று வேறு எனக்கு உத்தரவு.

குருக்கள் கையை உயர்த்தினார். கெட்டிமேளம்!

அரிசி மழையாய்க் கொட்டியது. மாப்பிள்ளையின் கை முன்னே வந்தது. நான் அழுத்தினேன். ஒரு அத்தையின் வளையல் கை குறுக்கே விழுந்தது. மறுபடி அழுத்தினேன். ஷாமினி கண்ணை மூடியிருந்தாள். மூன்றாவது முறை அழுத்தும்போது நாத்தனார் முடிச்சுக்காகப் பின்னாலிருந்து குனிந்தாள், அப்புறம் எனக்கு எதுவும் தெரியவில்லை. மேளச் சத்தமும் என் இதயச் சத்தமும் ஒன்றாகிவிட்டன.

கூட்டம் வாழ்த்த முன்னே வந்தபோதுதான் திரையில் பார்த்தேன். முதல் படம், அத்தையின் வளையல். இரண்டாவது, மூடிய கண். மூன்றாவது...

கிடைத்துவிட்டது. மாப்பிள்ளையின் விரல்கள், மஞ்சள் கயிறு, பாதி விழுந்த முடிச்சு, காற்றில் நிற்கிற அரிசி. ஒவ்வொரு மணியையும் எண்ணலாம். அத்தனையும் கூர்மை. அதன் நடுவே ஷாமினி, தாலி கழுத்தில் ஏறுகிற அந்த விநாடியில், புருவத்தை உயர்த்தி நேராக என் லென்ஸைப் பார்த்துக் கேட்கிறாள் — படம் விழுந்துச்சா?

ஷாமினியின் அக்கா கேமராவை என் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கேமராவை நெஞ்சோடு அணைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

மாப்பிள்ளைதான் இன்னும் சமாதானம் ஆகவில்லையாம். "தாலி கட்டினது நானு... நீ யாரைப் பார்த்துக்கிட்டு இருந்தே?"